உடுப்பு மாற்றும் நேரம்
லியோபோல்டோ பிரெகோலி (1867 - 1936)

ரோம் நகரின் மத்திய ரெயில் நிலையமான தெர்மினியை விட்டு வெளியே வருபவர்கள் முதலில் கால் வைக்கும் பெரிய வெளிக்கு 'ஐந்நூற்றுவர் சதுக்கம்' என்று பெயர். எம்மவர்களில் பலர் அந்த வெளியில் நின்றிருக்கிறார்கள். யாரோ வந்து கூட்டிச் செல்வார் என்று பயணப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தவர்களுக்கு, அந்த ஐந்நூறு பேரும் யார் என்று விசாரிக்க நேரமும் இல்லை, மனமும் இல்லை. நாமும் நெடுங்காலம் விசாரிக்கவில்லை.

1887 ஜனவரி 26ஆம் திகதி, செங்கடலோரத் துறைமுகமான மசாவாவிலிருந்து உள்ளே செல்லும் வழியில், தொகாலி என்ற இடத்தில், ஏறக்குறைய ஐந்நூறு பேர் கொண்ட இத்தாலியப் படைப்பிரிவொன்று எதியோப்பியத் தளபதி ராஸ் அலுலாவின் வீரர்களால் அநேகமாக முற்றாக அழிக்கப்பட்டது. பிறர் நிலத்தைப் பிடிக்கப் போய் மாண்டவர்களுக்கு அவர்களது தலைநகரில் ஒரு சதுக்கம் கிடைத்தது. இன்று எரித்திரியா என்று நாம் அறியும் நாட்டின் கடற்கரை அது. ஐரோப்பிய அகதி முகாம்களில் எமது பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர்களின் நாடு.

அந்த யுத்தத்தின் காலத்தில் மசாவாவுக்கு அனுப்பப்பட்ட இத்தாலியச் சிப்பாய்களில் ஒருவன், துவக்குப் பிடித்ததற்காக அல்லாமல் வேறொன்றுக்காக உலகப் புகழ் பெற்றான். கண்மூடித் திறப்பதற்குள் உடையையும் தலைமயிரையும் குரலையும் நடையையும் மாற்றி, ஒரே இரவில் பல பத்து மனிதர்களாக மேடையில் தோன்றிய லியோபோல்டோ பிரெகோலியே அவன். மந்திரவாதம், பாட்டு, நடிப்பு, வயிற்றுக்குரல் வித்தை எல்லாம் கலந்த அவனது கலைக்கு இத்தாலியர் இட்ட பெயர் 'உருமாற்றம்'. அந்தக் கலையைப் பற்றியும், அது பிறந்த இடத்தைப் பற்றியும், அது எமக்கு ஏன் அந்நியமாகத் தோன்றவில்லை என்பதைப் பற்றியும் சிறிது எழுதலாம் என்று நினைக்கிறோம்.

*

பிரெகோலி 1867 ஜூலை 2ஆம் திகதி ரோமில் பிறந்தார். அப்போது ரோம் பாப்பரசரின் ஆட்சியில் இருந்தது. 1870 செப்டெம்பரில் இத்தாலியப் படைகள் நகரினுள் நுழைந்து, அடுத்த வருடம் அது ஐக்கிய இத்தாலியின் தலைநகரமானபோது அவர் நான்கு வயதுக் குழந்தை. நகரமே வேடம் மாற்றிக்கொண்டிருந்த காலத்தில் வளர்ந்தவர் அவர் என்று சொன்னால் மிகையாகாது.

அரசியலிலும் அதே சங்கதிதான். 1876இலிருந்து 1887இல் தான் இறக்கும்வரை, இடையில் சில காலம் தவிர, பிரதமராக இருந்த அகொஸ்தினோ தெப்ரேத்திஸ், எதிர்க்கட்சி வரிசையில் இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்துப் பெரும்பான்மை சேர்ப்பதில் விண்ணர். பாராளுமன்றத்தில் கொள்கையை உடுப்பைப்போல் மாற்றும் இந்தப் பழக்கத்துக்கு அன்றைய இத்தாலியர் வைத்த பெயரும் 'உருமாற்றம்' என்பதே. பிரெகோலி மேடைக்கு வருமுன்னரே அந்தச் சொல் அரசியலில் வந்துவிட்டது. பின்னாளில் இரண்டும் ஒன்றுடன் ஒன்று கலந்து, கட்சி மாறும் அரசியல்வாதியைப் 'பிரெகோலி' என்று பரிகசிக்கும் வழக்கமும் இத்தாலியில் வந்தது.

எமது மொழியிலும் இதற்கு இணையாக ஒன்று உண்டு. பகலிலே வீடுவீடாக வந்து ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வேடம் காட்டிப் பிழைத்த ஏழைக் கலைஞர்களின் தொழிற்பெயர் 'பகல்வேடம்'. இன்று அந்தச் சொல்லைக் கேட்டால் எவருக்கும் கலைஞன் நினைவுக்கு வருவதில்லை, கபடன்தான் நினைவுக்கு வருகிறான். வேடத்தை வேடம் என்று சொல்லியே காட்டியவனின் பெயர், வேடத்தை மறைப்பவனுக்கு வசையாகிப் போனது. இத்தாலியிலும் தமிழிலும் ஒரே அநியாயம்.

*

ரோமில் இளைஞனாக இருந்தபோதே பிரெகோலி அமெச்சூர் நாடகக் குழுக்களில் நடித்தார். பாடினார், கைவித்தைகள் பழகினார். பின்னர் பட்டாளம். மசாவா உலகின் மிக வெப்பமான துறைமுகங்களில் ஒன்று. போரிலும் பார்க்க வெயிலும் நோயும் சலிப்பும் சிப்பாய்களை வாட்டின. அங்கே படைகளின் தளபதியாக இருந்த ஜெனரல் பல்திசேரா, வீரர்களின் பொழுதுபோக்குக்காக நாடகம் போட இடமளித்தார். சிப்பாய் பிரெகோலி அந்த மேடையின் உயிராகிவிட்டார்.

அவரது கலை பிறந்த விதம் பற்றிச் சொல்லப்படும் கதை இதுதான். ஓரிரவு நாடகம் தொடங்கும் நேரம். உடன் நடிக்க வேண்டியவர்கள் வரவில்லை. சபையோ நிறைந்திருக்கிறது. நாடகத்தை நிறுத்த மனமில்லாத பிரெகோலி எல்லாப் பாத்திரங்களையும் தானே ஏற்று, ஒரு கதவால் போய் மறு கதவால் வேறொருவராக வந்து நாடகத்தை முடித்துவைத்தார். அதிலிருந்து எழுந்ததே 'பச்சோந்தி' என்ற அவரது முதல் உருமாற்ற நாடகம்.

கலைஞர்கள் தம் பிறப்புக் கதையைச் செதுக்கி அழகாக்குவது எங்கும் உள்ளதுதான். வராத நடிகர்களின் கதை உண்மையோ அலங்காரமோ, கலை மசாவாவில் தொடங்கியது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கதையை வாசிக்கும்போது எமக்கு ஒன்று உறுத்துகிறது. பாத்திரங்கள் உண்டு, தளபதி உண்டு, கைதட்டும் சிப்பாய்கள் உண்டு. அந்த ஊர் மக்கள் கதையில் இல்லை. யாருடைய கரையில் அந்த மேடை போடப்பட்டதோ அவர்களில் ஒருவருக்கேனும் கதையில் பெயரில்லை. 1890 ஜனவரி முதலாம் திகதி அந்தக் கரைக்கு 'எரித்திரியா' என்று பெயரிட்டு இத்தாலி அதைத் தன் குடியேற்றநாடாகப் பிரகடனம் செய்தது. பழைய கிரேக்கர் செங்கடலுக்கு வழங்கிய பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. ஒரு நிலத்துக்குப் பிறர் உடுத்திவிட்ட உடுப்பு என்றும் அதைச் சொல்லலாம். பின்னர் அந்த மக்கள் அதே பெயரின்கீழ் முப்பது வருடம் போராடி 1993இல் தனிநாடானார்கள் என்பது வரலாற்றின் இன்னொரு பக்கம்.

*

ஒருவரே பல பாத்திரங்களாக வருவது பிரெகோலி கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் சார்ள்ஸ் மத்தியூஸ் என்ற நடிகர் 1818 தொடக்கம் ஒரு முழு மாலைப்பொழுதையும் தனியாளாக நின்று நடத்திப் புகழ்பெற்றார். மேசையடியில் ஒளித்துவைத்த தொப்பி, சால்வை, பொய்மயிர் ஆகியவற்றைக் கொண்டு அவர் ஆள் மாறுவார். கிரேக்கப் புராணத்தில் நினைத்தபடி உருமாறும் கடற்தெய்வமான புரொட்டியூஸின் பெயரால் இவ்வகை நடிகர்களை ஆங்கிலேயர் அழைத்தனர். பிரெகோலியின் பங்கு, அந்த ஒற்றை வித்தையை ஒரு முழு நாடக அரங்காகப் பெருப்பித்ததே. கதை, காட்சியமைப்பு, இசைக்குழு, ஒளி எல்லாம் சேர்ந்த நாடகம். அதில் ஆள் மட்டும் ஒருவர்.

இது எப்படிச் சாத்தியமானது? இரகசியம் பெரும்பாலும் தையலில் இருந்தது. இவ்வகை நடிகர்களின் உடைகள் முன்னால் பொத்தான், பட்டி, மாலை, பதக்கம் எல்லாம் உள்ளவைபோலத் தெரியும். உண்மையில் அவை ஒரே துண்டாகத் தைக்கப்பட்டவை. பின்புறம் மேலிருந்து கீழாகத் திறந்திருக்கும். கொளுக்கிகளோ, துளைகளினூடாக ஓடும் உறுதியான நரம்புக்கயிறோ அதைப் பிடித்திருக்கும். கயிற்றை ஓரிழுப்பு இழுத்தால் முழு உடையும் விழுந்துவிடும். உள்ளே அடுத்த உடை தயாராக இருக்கும். மேலே உள்ளது துறவியின் அங்கி என்றால், அதனடியில் நர்த்தகியின் பாவாடை சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். பொய்மயிரும் தாடியும் தொப்பியுடன் சேர்த்தே தைக்கப்பட்டிருக்கும்.

இரண்டாவது இரகசியம் காட்சியமைப்பு. எத்தனை கதவு, எங்கே திரை, எங்கே உயரமான கதிரை முதுகு என்பதெல்லாம் அலங்காரத்துக்காக அல்ல, அளந்து வைக்கப்பட்டவை. ஒரு பாத்திரம் வெளியேறும் கதவுக்கும் அடுத்தவர் நுழையும் கதவுக்கும் இடையே எத்தனை அடி, எத்தனை நொடி என்பது கணக்கு.

மூன்றாவது, குரல். பிரெகோலியின் குரல் ஆண்களின் அடித்தொண்டையிலிருந்து பெண்களின் உச்சஸ்தாயிவரை போகக்கூடியது. மேடையில் கணவனாகப் பாடிவிட்டு உள்ளே மறைந்தவுடன், மறைவிலிருந்தே மனைவியின் குரலில் பதில் பாட்டுத் தொடங்கிவிடும். பார்ப்பவர்களின் காது, உள்ளே இன்னொருத்தி நிற்கிறாள் என்று கண்ணுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிடும். உடுப்பு மாற்றும் அந்த நேரத்தில் பாட்டு நின்றதில்லை. ஆண்கள் பெண் வேடம் கட்டியதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் நாம். எமது ஸ்திரீபார்ட் நடிகர் இரவு முழுக்கச் சந்திரமதியாகவே இருப்பார். பிரெகோலி ஒரு நிமிடத்துக்குள் அரிச்சந்திரனாகவும் சந்திரமதியாகவும் இருப்பார் என்று எண்ணிக்கொண்டால் வித்தியாசம் விளங்கும்.

நான்காவதும் முக்கியமானதுமான இரகசியம் உதவியாளர்கள். திரைக்குப் பின்னால் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலை, ஒரு வேலை. ஒருவர் உடையை விரித்துப் பிடிப்பார், மற்றவர் கழற்றுவார், இன்னொருவர் பொய்மயிரை நீட்டுவார். பிரெகோலி அவர்களினூடாக ஓடிப்போவார். அவ்வளவுதான். ஒருவர் ஓரங்குலம் தவறி நின்றாலும் நாடகம் குழம்பிவிடும். விளம்பரத் தாள்களில் ஒரே ஒரு பெயர்தான் அச்சாகும். அவர்களது பெயர்கள் அதில் இருப்பதில்லை.

*

பட்டாளத்தை விட்டு ரோமுக்குத் திரும்பிய பிரெகோலி, பாட்டும் கூத்தும் நடக்கும் தேநீர்ச்சாலை மேடைகளில் தொடங்கி, சில வருடங்களுக்குள் சொந்தக் கொம்பனி அமைத்துவிட்டார். ஸ்பெயின், தென்னமெரிக்கா என்று பயணங்கள் நீண்டன. 'எல்டொராடோ' என்ற நிகழ்ச்சியில் ஒரு பல்சுவை அரங்கின் முழு நிகழ்ச்சி நிரலையும் அவரே நடத்துவார். பாடகி, கோமாளி, மந்திரவாதி, நடனக்காரி என அத்தனை பேரும் அவர் ஒருவரே. இன்னொன்றில் இசைக்குழுவின் முன்னால் நின்று ரொசினி, வாக்னர், வெர்டி, மஸ்காஞி ஆகிய இசைமேதைகளாக ஒருவர்பின் ஒருவராக மாறி, அவரவர் பாணியில் கையசைத்து இசையை நடத்துவார். வெர்டியும் மஸ்காஞியும் அப்போது உயிருடன் இருந்தவர்கள். சபையினர் அறிந்த முகங்கள். ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த காரியத்தில்தான் அவர் துணிந்து கைவைத்தார்.

1896இல் நியூயோர்க். அதே வருடம் மார்ச் முதலாம் திகதி அத்வா என்ற இடத்தில் எதியோப்பியாவின் மெனெலிக் மன்னரிடம் இத்தாலியப் படை படுதோல்வி கண்டது. ஐரோப்பிய வல்லரசொன்றை ஆபிரிக்கர் தோற்கடித்த செய்தி உலகெங்கும் பேசப்பட்ட நாட்களில், அந்தப் படையின் முன்னாள் சிப்பாய் அத்திலாந்திக்குக்கு அப்பால் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். 1897இல் லண்டனின் அல்ஹம்பிரா அரங்கு. 1900இல் பாரிஸ்.

பாரிஸில் அவர் தோன்றிய திரியனோன் அரங்கு 1900 பெப்ரவரியில் தீப்பற்றி எரிந்தது. உடைகள், பொய்மயிர்கள், காட்சித்திரைகள் எல்லாம் சாம்பர். வேறு நடிகராயின் இரவல் உடையில் மறுநாள் நடிக்கலாம். பிரெகோலிக்கு அது முடியாது. அவரது உடைதான் அவரது பொறி. எல்லாவற்றையும் மீளச் செய்வித்து, ஒலிம்பியா அரங்கில் மீண்டும் தோன்றி, அந்த நகரத்தையே தன் பக்கம் திருப்பினார். சேர்த்ததெல்லாம் ஓரிரவில் எரிந்துபோன பின்னர் வேறொரு முகவரியில் திரும்பவும் தொடங்குவது என்றால் என்னவென்று எமது வாசகர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

புகழ் கூடக் கூடச் சந்தேகமும் கூடியது. இது ஒருவர் அல்ல, அச்சொட்டாக ஒரேமாதிரி இருக்கும் இரண்டு மூன்று பிரெகோலிகள் உள்ளே இருக்கிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. இதற்கு அவர் கண்ட மறுமொழிதான் அவரது வாழ்க்கையில் எமக்கு மிகவும் பிடித்த பகுதி. அவர் மறைப்பைக் கூட்டவில்லை, குறைத்தார். 'தலைகீழ் அரங்கு' என்ற நிகழ்ச்சியில் மேடையையே திருப்பி வைத்து, திரைமறைவில் நடப்பதைச் சபையோர் காணும்படி செய்தார். உதவியாளர்கள் நிற்பதும், உடைகள் பறப்பதும், வியர்வை வடிய அவர் ஓடுவதும் எல்லோருக்கும் தெரிந்தது. இரகசியம் வெளியானதும் வியப்பு செத்துவிடும் என்று மந்திரவாதிகள் அஞ்சுவார்கள். இங்கே வியப்பு அதிகரித்தது. மாயம் என்று நினைத்திருந்தது உழைப்பு என்று தெரிந்தபோது மக்கள் இன்னும் உரக்கக் கைதட்டினார்கள்.

*

பிரெகோலியின் வாழ்க்கையில் சினிமாவுக்கும் ஓரிடம் உண்டு. 1895இல் பாரிஸில் தமது சலனப்படக் கருவியைக் காட்டிய லூமியேர் சகோதரர்களின் ஊர் லியோன். 1897 அளவில் அங்கு நடிக்கச் சென்றிருந்த பிரெகோலிக்கு லூமியேரின் பழக்கம் ஏற்பட்டது. கருவியின் நுட்பங்களைக் கற்று, ஒன்றைத் தனதாக்கி, அதற்குப் 'பிரெகோலிகிராப்' என்று தன் பெயரையே சூட்டினார். 1898இலிருந்து அவரது நிகழ்ச்சிகளின் முடிவில், அவரே நடித்த சின்னஞ்சிறு படங்கள் காட்டப்பட்டன. சில படங்களின்போது திரைக்குப் பின்னால் நின்று பாத்திரங்களின் குரல்களைத் தானே பேசினார், பாடினார். பேசும்படம் வருவதற்கு ஏறக்குறைய முப்பது வருடங்களுக்கு முன்னரே படம் பேசியது. படத்தைப் பின்னோக்கி ஓட்டிச் சிரிக்க வைப்பதும் அவரது விளையாட்டுகளில் ஒன்று. இத்தாலியச் சினிமாவின் முதல் முகங்களில் ஒன்றாக வரலாற்றாசிரியர்கள் அவரைக் குறிப்பிடுவதற்கு இவையே காரணம்.

ஆனால் அவர் கையிலெடுத்த அந்தக் கருவிதான் அவரது கலைக்கு உலை வைத்தது என்பதையும் சொல்லவேண்டும். பிரான்சில் ஜோர்ஜ் மெலியேஸ், தானும் ஒரு மேடை மந்திரவாதி, 1896இலேயே படப்பிடிப்பை இடையில் நிறுத்தி, ஆளை மாற்றி, மீண்டும் தொடங்கும் தந்திரத்தைக் கையாண்டுவிட்டார். ஒரு வெட்டு, ஓர் ஒட்டு. சீமாட்டி எலும்புக்கூடாவாள், எலும்புக்கூடு சீமாட்டியாவாள். பிரெகோலி இரண்டு நொடியில் மூச்சிரைக்கச் செய்ததைக் கத்தரிக்கோல் நொடிக்குள் வியர்க்காமல் செய்தது. படத்தில் எதுவும் நடக்கலாம் என்று பழகிவிட்ட கண்ணுக்கு, மேடையில் ஒரு மனிதன் உண்மையிலேயே அதைச் செய்வதன் அருமை மெல்ல மெல்ல மங்கிப்போனது.

அவரைப் பின்பற்றியவர்கள் பலர். இத்தாலியரான உகோ பியொந்தி அவருக்குப் போட்டியாகவே ஊர் ஊராகத் திரிந்தார். ஓவன் மக்கிவ்னி என்பவர், டிக்கன்ஸின் 'ஒலிவர் ட்விஸ்ட்' நாவலின் ஒரு பகுதியை எடுத்து, கொலைகாரனும் கொலையுண்டவளும் உட்பட ஐந்து பாத்திரங்களைத் தனியாக நடித்து நெடுங்காலம் பேர்பெற்றார். 1913இல் இத்தாலிய எதிர்காலவாதிகளின் தலைவர் மரினெட்டி, வேகமும் வியப்பும் நிறைந்த பல்சுவை அரங்கை வானளாவப் புகழ்ந்து அறிக்கை விட்டார். அந்த வேகத்தை அதற்குப் பல வருடங்கள் முன்னரே ஓர் எளிய மேடைக்கலைஞர் செய்து காட்டிவிட்டார்.

1925இல் பிரெகோலி மேடையிலிருந்து விலகினார். 1936இல் தன் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அதே வருடம் நவம்பர் 26ஆம் திகதி, வியரெஜியோ என்ற கடற்கரை நகரில் காலமானார். அவரது கடைசி உருமாற்றம் இங்கேதான் நிகழ்ந்தது என்ற கருத்தில் அவரது கல்லறையில் ஒரு வரி பொறிக்கப்பட்டுள்ளது. அதே 1936 மே மாதத்தில் முசோலினியின் படைகள் அடிஸ் அபாபாவைக் கைப்பற்றியிருந்தன. இளமையில் அவர் சேவித்த பட்டாளத்தின் பழைய ஆசை, அவர் கண்ணை மூடும் வருடத்தில் விஷவாயுவின் துணையோடு நிறைவேறியது.

அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட இந்தக் கலையை 1970களின் இறுதியில் பாரிஸ் மேடையில் மீண்டும் எழுப்பியவர் தூரினில் பிறந்த அர்துரோ பிரகெத்தி. சிறுவயதில் குருமடமொன்றில் சேர்க்கப்பட்டு, அங்கே மந்திரவித்தை தெரிந்த பாதிரியார் ஒருவரிடம் முதற்பாடம் கற்றவர் அவர். பின்னர் பிரெகோலியாகவே ஒரு நாடகத்தில் நடித்தும் இருக்கிறார்.

*

பிரெகோலியின் பெயர் மேடையிலும் பார்க்க இன்று மனநோய் மருத்துவ நூல்களில்தான் அதிகம் காணப்படுகிறது. 1927இல் கூர்போன், பெய் என்ற இரு பிரெஞ்சு மருத்துவர்கள் இருபத்தேழு வயதுப் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதினார்கள். நாடகம் பார்ப்பதில் மிகுந்த விருப்பமுடையவள் அவள். சாரா பெர்னார்ட், ரொபின் என்ற இரு புகழ்பெற்ற நடிகைகள் தனக்குத் தெரிந்தவர்களின் உருவத்திலும் தெருவில் போவோரின் உருவத்திலும் வந்து தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று அவள் நம்பினாள். முகங்கள் வேறு வேறு, உள்ளே இருப்பது ஒரே பகைவன் என்ற இந்த மயக்கத்துக்கு மருத்துவர்கள் 'பிரெகோலி மயக்கம்' என்று பெயரிட்டார்கள். நான்கு வருடங்களுக்கு முன் கப்கிரா என்பவர் விவரித்த மயக்கத்துக்கு இது நேரெதிர். அதில் நெருங்கிய உறவின் முகம் அதேதான், உள்ளே இருப்பவர் வேற்றாள். மக்களைச் சிரிக்க வைத்து வாழ்ந்த மனிதனின் பெயர் பயத்தின் பெயராக நிலைத்தது.

அந்தப் பெண்ணின் நோயை எமது அனுபவத்துடன் ஒன்றாக்குவது நியாயமல்ல. நோய் வேறு, நினைவு வேறு. ஆயினும் சுற்றிவளைப்புகளில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டியின் முன் வரிசையில் நின்று நடந்தவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அந்தச் சாக்குக்குள் இருந்தவர் பக்கத்து வீட்டுக்காரராகவும் இருக்கலாம், கூடப் படித்தவராகவும் இருக்கலாம். முகம் தெரியாதபடியால் எல்லா முகமும் அந்த முகமாயிற்று. பல்லாயிரம் மைல் தள்ளி வந்து, ட்ராமில் சீருடையோடு பயணச்சீட்டுக் கேட்பவரைக் கண்டவுடன் ஏனென்று தெரியாமல் உள்ளங்கை வியர்ப்பது அதன் மிச்சம். அந்த வியர்வைக்கு மருத்துவ நூலில் பெயர் வேண்டாம். அதற்கு ஊரும் திகதியும் உண்டு.

*

இனி எம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்த காரணத்துக்கு வருகிறோம்.

பிரெகோலி ஊர் ஊராகத் திரிந்த 1890களில், மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாலான எல்லைகளைக் கடவுச்சீட்டு இல்லாமலே கடக்கலாம். பல பத்து முகங்கள் கொண்ட மனிதரிடம், உன் உண்மை முகம் எது என்று கேட்பவர் எல்லையில் இல்லை. அதே காலத்தில் அதே பாரிஸில், பொலிஸ் திணைக்களத்தைச் சேர்ந்த அல்போன்ஸ் பெர்த்தியோன் கைதிகளின் தலையையும் காதையும் கைகளையும் அளந்து, முன்னாலும் பக்கவாட்டிலும் படமெடுத்து, ஒருவர் தன்னை மாற்றிக்கொள்ள முடியாதபடி அட்டையில் பதிந்து கொண்டிருந்தார். 1901இல் லண்டன் பொலிசார் விரலடையாளப் பிரிவைத் தொடங்கினர். முதலாம் உலக யுத்தம் வந்தது, எல்லைகள் இறுகின. 1920இல் பாரிஸில் கூடிய சர்வதேச மாநாடு கடவுச்சீட்டுக்கு ஒரு பொது வடிவம் வகுத்தது. இரண்டு மனிதரின் வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வென்றது பெர்த்தியோன்தான். 2003 ஜனவரியிலிருந்து ஐரோப்பாவில் தஞ்சம் கோருவோரின் விரலடையாளங்கள் ஒரே களஞ்சியத்தில் சேர்க்கப்படுகின்றன. உடுப்பு மாறலாம், பெயர் மாறலாம், விரல் மாறாது.

எமது உருமாற்றங்கள் இந்த இரண்டாவது உலகத்தில் நிகழ்ந்தவை. தலைமாற்றிய கடவுச்சீட்டில் எம்மவர் ஒருவர் ஓரிரவு மலேசியரானார், இன்னொருவர் இந்தியரானார். விமானத்தில் ஏறுமுன் ஏஜென்சிக்காரர் சொல்லித்தந்த பெயரையும் பிறந்த திகதியையும் செபம் போல உருப்போட்டவர்கள் எத்தனை பேர். அந்தப் பெயர் போய் அடுத்த நாட்டில் இன்னொன்று. பிறகு தஞ்ச விசாரணைப் படிவம். அதில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். எமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பனாரின் பெயரை அந்தக் கட்டத்துக்குள் எழுதினோம். அன்றிலிருந்து வைத்தியரின் காத்திருப்பறையில் எமது தகப்பனாரை அல்லவா கூப்பிடுகிறார்கள். மருமகளும் மாமனாரின் பெயருக்கு எழுந்து போகிறாள். பிறந்த திகதிக்குப் பத்திரம் இல்லாதவர்கள் பலர் ஜனவரி முதலாம் திகதி பிறந்தவர்களானார்கள்.

பிரெகோலிக்கும் எமக்கும் உள்ள வித்தியாசத்தை மறந்துவிடக்கூடாது. அவர் வேடம் களைந்த பின் திரைக்கு முன்னால் வந்து, ஒரே பெயரில் வணங்கினார். சபை அந்தப் பெயரைக் கூவி அழைத்தது. எம்மில் பலருக்குக் களைவதற்கு இடம் கிடைக்கவில்லை. அந்நாளில் சொன்ன பெயரையும் திகதியையும் இன்றுவரை காக்கவேண்டியவர்கள் இருக்கிறார்கள். தாயின் மரணச் சடங்குக்குப் போகமுடியாமல் போனதற்கு, இருவேறு தாள்களில் உள்ள இருவேறு எழுத்துக்கூட்டல் காரணமாயிருந்த வீடுகளும் உண்டு. இதைப் பகல்வேடம் என்று சொல்பவர்கள், எமக்குள்ளேயே உண்டு, வெளியிலும் உண்டு. வேடம் கட்டியவனை அல்ல, வேடம் கட்டாமல் கடக்க முடியாத வாசலைத்தான் முதலில் கேள்வி கேட்கவேண்டும் என்பது எமது எண்ணம்.

பிரெகோலியின் குறும்படங்களில் ஒன்றின் பெயர் 'உடுத்துவதன் இரகசியம்'. அந்தத் தலைப்புடன் அடைப்புக்குறிக்குள் இன்னொரு சொல்லும் சேர்க்கப்பட்டிருக்கிறது: 'உதவியுடன்'. தன் பெயரை மட்டும் விளம்பரத்தில் போட்ட கலைஞர் அந்த ஒரு சொல்லை மறைக்கவில்லை.

எமது புலப்பெயர்வை எழுதுபவர்கள், பெரும்பாலும் ஓடிவந்தவரின் கதையையே எழுதுகிறார்கள். உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் கதை எழுதப்படவில்லை. பயணத்துக்காகத் தாலிக்கொடியை ஈடு வைத்துக் கொடுத்த அக்கா, எல்லைக் கிராமத்தில் கதவு திறந்து பாணும் தேநீரும் தந்த கிழவி, படிவத்தை நிரப்பித் தந்துவிட்டுப் பெயர் சொல்லாமல் போன மொழிபெயர்ப்பாளர், தெர்மினிக்கு வெளியே குளிரில் நடுங்கி நின்றவனுக்குத் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்த எரித்திரிய இளைஞன். ஐந்நூற்றுவருக்கு அங்கே ஒரு சதுக்கம் இருக்கிறது. இவர்களுக்கு எங்கும் ஒன்றுமில்லை. ஞாபகத்தில் உள்ளவர்கள் இருக்கும்போதே இவர்களது கதைகளையும் எழுதிவைக்கவேண்டும். இந்தப் பக்கங்கள் அதற்காகத் திறந்திருக்கின்றன.